மழை வேண்டாத டாக்டரம்மா

இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, சோளக் கதிர் ஒன்றை இடது கையால் வளைத்துப் பிடித்து, வலது கையிலுள்ள சிறு இடுக்கியால் பூவுக்குள் இருக்கும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருப்பார் ஆவுடைத்தாய். பூ ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும். கை நடுங்கக் கூடாது என்பதற்காக மூச்சை அடக்கிக்கொள்வார். பேச்சை மட்டும் அவரால் அடக்க முடியாது.

"ஆடாம நில்லுட்டி. ஒனக்கு நல்ல இடமாத்தான் பாத்திருக்கேன்" என்பார் பூவைப் பார்த்து.

பூவின் ஆண் பாகத்தை எடுத்துவிட்டுக் கதிரின்மேல் காகித உறையை மாட்டி, கண்ட மகரந்தமும் வந்து ஒட்டாதபடி கட்டிவைப்பார். மறுநாள் காலையில், தாம் தேர்ந்தெடுத்த இன்னொரு சோளத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவுவார். இதற்குப் பெயர் தாவர மரபியல். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டு நடுவில் இருக்கிற ஆராய்ச்சிப் பண்ணையில் பணிக்காலம் முழுக்க இதைத்தான் செய்துவந்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கல்யாணத் தரகர்" என்பார். "ஆனா ஒரு வித்தியாசம். தரகருக்குச் சாப்பாடாவது போடுவாவ."

முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் ஊரில் டாக்டரம்மா என்று பெயராகிவிட்டது. டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் முழங்காலை நீட்டிக் காட்டுவதும், கைக்குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வதும் சகஜம். அவரும் தொட்டுப் பார்ப்பார். "எனக்குச் சோளத்துக்குத்தான் வைத்தியம் தெரியும் தாயி. அதுவும் அது செத்த பெறகு, ஏன் செத்துச்சுன்னு தெளிவாச் சொல்லுவேன்" என்பார். கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அறிவியலைப் பற்றி ஆவுடைத்தாயிடம் கேட்பதற்குச் சரியான நேரம் பதினொரு மணித் தேநீர். ஜீனை வெட்டி ஒட்டும் புதிய நுட்பம் வந்துவிட்டதே, இனி உங்களுக்கு வேலை இருக்குமா என்று ஒருமுறை கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்.

"கத்தரிக்கோல் வந்துட்டும்மா. எதை வெட்டணும்னுதான் தெரியல. வறட்சி தாங்குறது ஒத்த ஜீன் வேலையா? அது ஊர்க் கோயில் கொடைத் திருவிழா மாதிரி. ஒருத்தன் பந்தல் போடுதான், ஒருத்தன் மேளம் அடிக்கான், ஒருத்தன் சண்டை இழுக்கான். இதுல எவனை வெளியேத்துனா கொடை நல்லா நடக்கும்? சண்டை இழுக்கவன்னு நெனச்சு வெளியேத்துவோம். பாத்தா, அவன்தான் ஜெனரேட்டர் கொண்டுவந்தவனா இருப்பான்."

செல்போனில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவையும் அவர் விட்டுவைக்கவில்லை. சோளத்தின் வேர் கரிசலில் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டுப் பார்த்தார். மிக மரியாதையாக ஒரு பதில் வந்தது. படித்துக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தி, அடுத்த மேசையில் இருந்த இளம் விஞ்ஞானி பானுவைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. நான் சின்ன வயசுல ஒரு கட்டுரையில தப்பா எழுதுனேன்லா, அதை எங்கயோ தேடிப் புடிச்சு எனக்கே பாடம் நடத்துது! உலகத்துல என் கட்டுரைய முழுசாப் படிச்ச ஒரே ஆத்மா இதுதான். ஏசக்கூட மனசு வரல."

இந்த ஆவுடைத்தாய்தான், மாவட்டமே மழைக்கு ஏங்கிய ஓர் ஆண்டில், மழை வந்துவிடக் கூடாதே என்று தவித்துக் கிடந்தார்.

காரணம் ஒரு சோளம். பல தலைமுறை கலந்து, கழித்து, பொறுக்கி அவர் உருவாக்கிய ரகம். அதற்கு எண் ஒன்று உண்டு என்றாலும் அவர் கூப்பிடுவது கடைக்குட்டி என்றுதான். பூக்கும் பருவத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் அது மணி பிடிக்கும் என்பது அவர் கணிப்பு. கணிப்பை நிரூபிக்கும் கடைசிச் சோதனை அந்த ஆண்டு நடந்தது. அது தேறினால் ரகம் வெளியாகும், விதை விவசாயிகளுக்குப் போகும், உருவாக்கியவர் என்ற இடத்தில் முதலில் அவர் பெயர் இருக்கும். அடுத்த ஆனியில் அவருக்குப் பணி ஓய்வு. எனவே அந்த ஒரு சாகுபடிப் பட்டத்தை விட்டால் வேறு பட்டம் கிடையாது.

சோதனைப் பாத்திகளில் மழை விழாமலிருக்க ஒரு நகரும் கூரை போட்டிருந்தார்கள். இருபுறமும் தண்டவாளம், அதன்மேல் சக்கரம் வைத்த கண்ணாடித்தாள் கூரை, இழுக்க ஒரு மோட்டார். மழைத்துளி பட்டால் தானாகவே ஓடிவந்து மூடிக்கொள்ள ஒரு கருவி. திறப்பு விழாவில் எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் அந்தக் கருவியின்மேல் ஒரு காக்கை எச்சமிட்டது. சுள்ளென்ற வெயிலில் கூரை கடகடவென்று ஓடிவந்து மூடிக்கொண்டது. அதற்கடுத்த நாள் மைனா. "நாட்டுல மழை இல்ல, காக்கா எச்சத்துக்கு மட்டும் குறைவில்ல" என்று சொல்லி, ஆவுடைத்தாய் அந்தக் கருவியை நிறுத்திவிட்டு, வானம் இருட்டினால் தாமே பொத்தானை அழுத்திக்கொள்வதாக முடிவு செய்தார்.

வானம் இருட்டவே இல்லை. ஐப்பசி பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. பக்கத்துக் காட்டு இசக்கிபாண்டியின் மக்காச்சோளம் இலை சுருண்டு குழலாகி நின்றது. கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. காலையில் வரப்பில் இசக்கிபாண்டியைப் பார்த்தால், ஆவுடைத்தாய் "மழையே இல்லியே அண்ணாச்சி" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லிவிட்டு, நாலு எட்டு வைத்ததும் சோதனைப் பாத்தியில் கடைக்குட்டியின் கதிரைத் தடவிப் பார்ப்பார். கதிர் கனத்துக்கொண்டிருந்தது. சோதனைக்கு இதைவிட நல்ல வருசம் கிடைக்காது. அந்தச் சந்தோசத்தை வைத்துக்கொண்டு ஊர் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் கணவர் பூவனலிங்கத்திடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டார்: "ஊரே வாடுது, நான் மட்டும் தளதளன்னு இருக்கேன். என்னை மாதிரி ஒருத்தி எல்லா ஊர்லயும் இருந்தா மேகம் எப்படிக் கிட்ட வரும்?" கடலைமிட்டாய்க் கடைக்காரரான அவர், "நீ தளதளன்னு இருக்கதை வெளிய சொல்லிராத, கடைக்கு ஆளு வராது" என்றார்.

மார்கழிக் கடைசியில், ஒரு மத்தியானம், தென்கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஆவுடைத்தாய் பொத்தானை அழுத்தினார். கூரை அசையவில்லை. மோட்டாரில் சத்தமே இல்லை. ஆபீஸ் மின்விசிறியும் நின்றுபோயிருந்தது.

"கரண்டு போயிட்டு மேடம்!" என்று பானு கத்தினாள்.

களை எடுத்துக்கொண்டிருந்த பேச்சித்தாயும் மற்றப் பெண்களும் ஓடிவந்தார்கள். எல்லாரும் சேர்ந்து கூரையைக் கையால் தள்ளினார்கள். முதலில் நன்றாகத்தான் நகர்ந்தது. பாதி தூரம் வந்ததும் க்ரீச் என்று நின்றது. ஆவுடைத்தாய் குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கு அடியில் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. கரிசல் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், மேலே இருப்பதை எல்லாம் இழுத்துக்கொண்டு நகரும். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அவர் நடத்துகிற முதல் பாடமே அதுதான்.

முதல் துளி அவர் கண்ணாடியில் விழுந்தது. அப்புறம் எண்ண முடியாதபடி விழுந்தது.

இசக்கிபாண்டி தன் காட்டில் துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு கூச்சல் போட்டார். அந்தச் சந்தோசத்தைச் சொல்ல யாராவது வேண்டுமென்று வேலி தாண்டி ஓடிவந்தவர், கூரையைத் தள்ளுகிற பெண்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன டாக்டரம்மா, நாங்க வா வான்னு கும்புடுதோம், நீங்க போ போன்னு தள்ளுதீங்க!"

"பெறகு ஏசுங்க அண்ணாச்சி, இப்பம் ஒரு கை குடுங்க."

அவர் கேள்வி கேட்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கூரை நகரவில்லை. நெளிந்த தண்டவாளத்தில் சக்கரம் கவ்விக்கொண்டுவிட்டது. கூரைக்கு அடியில் பாதிப் பாத்திகள் காய்ந்துகிடக்க, மீதிப் பாத்திகளில் தண்ணீர் வெடிப்புகளுக்குள் குடகுடவென்று இறங்கியது. நாலைந்து ஆள் ஆழத்துக்குத் தாகமாயிருந்த மண் அது. அதன் வாசனை எழும்பிவந்தபோது, பேச்சித்தாய் தள்ளுவதை விட்டுவிட்டு முகத்தை அண்ணாந்து கொடுத்தாள். அப்புறம் சட்டென்று ஞாபகம் வந்தவளாக, தப்புச் செய்துவிட்டதைப் போலக் கூரையின் கம்பியை மறுபடி பிடித்தாள்.

ஆவுடைத்தாய் அவள் கையைப் பிடித்து விலக்கினார். "போதும்த்தா. விடு. நல்லா நனை" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் ஆபீசுக்கு நடந்தார். உள்ளே போனதும் நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பானு கதவுப் பக்கம் நின்றவள், தண்ணீர் எடுத்துவரப் போவதுபோல வெளியே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பானு மெதுவாகப் பேச்செடுத்தாள். "மேடம், நனைஞ்ச பாத்திக்கு, நனையாத பாத்திய வச்சு மதிப்புப் போட்டு நிரப்பிரலாம். கம்ப்யூட்டரே போட்டுத் தருது. எல்லாரும் செய்யுதாவ, தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாவ."

"ஒண்ணு ரெண்டு பாத்தின்னா நானே செய்வேன். இது பாதிக்குப் பாதில்லா."

"இல்லன்னா ரகத்துல உங்க பேரு இல்லாமப் போயிரும் மேடம்."

 பானு பொய் சொல்லவில்லை என்று ஆவுடைத்தாய்க்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, அந்த மதிப்புகளைப் போடச் சொல்லிப் பார்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் போட்டுத் தந்தது. அழகான எண்கள். அவர் நினைத்ததைவிடவும் கடைக்குட்டி நன்றாக விளைந்திருந்தது, விளையாத இடத்தில். சாயங்காலம்வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியீட்டு விழா மேடைகூடக் கண்ணில் வந்து போனதாம். "என்ன சேலை உடுத்தணும்கிற வரைக்கும் யோசிச்சிட்டேன்" என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்தார்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் இசக்கிபாண்டி மறித்தார். மழை குடித்த மக்காச்சோளம் அவர் பின்னால் நிமிர்ந்து நின்றது.

"அந்தச் சோளம் பாசாயிட்டா டாக்டரம்மா? அடுத்த பட்டத்துக்கு மக்காச்சோளத்த விட்டுட்டு அதைத்தான் போடலாம்னு இருக்கேன். மழை ஏமாத்துனாலும் அது ஏமாத்தாதுன்னு நீங்க சொன்னீங்கள்லா."

"இன்னும் பாசாகல அண்ணாச்சி" என்றார் ஆவுடைத்தாய். "பரீட்சை எழுதையில பேப்பர் நனைஞ்சு போச்சு. திரும்ப எழுதணும்."

அங்கே நின்றபடியே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, சோதனை செல்லாது, அடுத்த ஆண்டு மறுபடி வைக்க வேண்டும் என்று சொன்னார். மறுமுனையில் அதிகாரி, அடுத்த ஆண்டு நீங்கள் இருக்க மாட்டீர்களே என்றார். "சோளம் இருக்கும்லா சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்றைக்குக் கணவரிடம், "மழையே பெய்யாத ஊர்ல மழையால தோத்த ஒரே ஆளு உன் பொண்டாட்டி" என்று அறிவித்தார். பூவனலிங்கம் சிரிக்கவில்லை. கடை டப்பாவிலிருந்து ஒரு முழு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தார். வழக்கமாக வீட்டுக்கு வருவது உடைசல்தான்.

ஆனியில் ஓய்வு பெற்றார். விழாவில் பலரும் அவருடைய சேவையைப் பற்றிப் பேசினார்கள். அவர் எழுந்து, "கரிசல் நகரும்னு காலம் பூரா பாடம் நடத்திட்டு, கரிசல்ல தண்டவாளம் போட்ட விஞ்ஞானி நான். இதுக்கு மேல என்னைப் புகழாதீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். விதையைப் பானுவிடம் ஒப்படைத்தார். தண்டவாளத்துக்கு ஆழமாக அஸ்திவாரம் போட்டுத் திருத்தினார்கள். ஐப்பசியில் கடைக்குட்டி மறுபடி விதைக்கப்பட்டது. சோதனையை நடத்துபவர் என்ற இடத்தில் இப்போது பானுவின் பெயர் இருக்கிறது.

ஆவுடைத்தாய் வீட்டில் இருக்கிறார். மகள் வாங்கித் தந்த துணி துவைக்கும் இயந்திரத்தோடு சண்டை போடுகிறார். "ஒரு பொத்தானை அழுத்துனா ஏழு பாட்டுப் பாடுது, துணி மட்டும் வெளுக்க மாட்டேங்கு" என்கிறார். நல்ல சேலைகளைக் கையால் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுகிறார். மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கடைசிச் சேலையை விரித்துக்கொண்டிருந்தபோது, காற்று திடீரென்று குளிர்ந்தது. தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலைப் புகைபோக்கிக்குப் பின்னால் வானம் கருத்துக்கொண்டு வந்தது.

பானுவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

"மழ வருது, துணிய எடு!" என்று கீழேயிருந்து பூவனலிங்கம் சத்தம் கொடுத்தார்.

ஆவுடைத்தாய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். கொடியில் கிடந்த சேலைகளுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், பண்ணைக்குப் போகிற டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கி ஓடினார்.