வெறுந்தொட்டி

எங்கள் மாடியின் கடைசி அறையில் குடியிருந்தவளைத் தொட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். மீன் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவுகிற வேலை. புருஷன் கம்பி நீட்டியபோது கையில் பெண் குழந்தை. ஏன் என்று கேட்க நாதியில்லை. அந்த மகராசனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கூடத்தில் ஒவ்வொரு தாய் மீனின் குஞ்சுகளையும் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு வகைத் தொட்டிகளில் விட்டிருந்தார்கள். ஒன்றில் கல், செடி, ஒளிந்துகொள்ளக் குழாய்த்துண்டு. மற்றதில் வெறும் தண்ணீர். கல் தொட்டியில் பாசி பிடிக்கும், ஒன்றிரண்டு செத்து மிதக்கும். வெறுந்தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை.

அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வேலைக்குப் போகும்போது குழந்தையை உள்ளே விட்டுப் பூட்டுகிற அறையிலிருந்து அடுப்பு, வாளி, நாற்காலி, கண்ணாடி எல்லாவற்றையும் வராந்தாவுக்குக் கடத்தினாள். போகவர நாங்கள் தடுக்கி விழுந்து திட்டினோம். உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, அவ்வளவுதான். பிள்ளைக்கு அடிபடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள், பாவி.

மூன்று வயதாகியும் குழந்தை வாய் திறக்கவில்லை. "இவ சித்தப்பனும் இப்படித்தான். அந்த ரத்தம் வேற எப்படி இருக்கும்?" என்று புருஷன் வீட்டாரை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

ஒருநாள் கூடத்தில் மீன்களை அறுத்து மூளையை எடை போட்டார்கள். வெறுந்தொட்டி மீன்களுக்கு மூளை சிறுத்திருந்தது.

"ஒரே வயித்துப் புள்ளைங்கதானேம்மா?" என்று ஆராய்ச்சி நடத்துகிற டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"ஆமா. ரத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. சில தாயோட குஞ்சுங்க வெறுந்தொட்டியிலயும் ஓரளவு தேறியிருக்கு. ஆனா தேட, ஒளிய ஒண்ணுமே இல்லன்னா மூளை எதுக்கு வளரணும், சொல்லு?" நினைத்தபடி முடிவு வந்ததில் டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப கல் தொட்டிக்கு மாத்திட்டா?"

"மாத்திப் பார்த்தோம். சிலது தேறிச்சு. சிலது மூலையை விட்டு நகரவே இல்ல."

கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளி, வராந்தாவிலேயே மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"வாடி என் தங்கம். வெளிய போலாம், வா."

குழந்தை எழுந்தது. சுவரைத் தடவிக்கொண்டே வாசல்வரை வந்தது. அம்மாவைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் இருந்த வெயிலைப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்து, உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.