வெறும் பெட்டி திரும்பாது

என் வேலையின் பெயர் இன்றுவரை என் அம்மாவின் வாயில் நுழையவில்லை. “லாஜிஸ்டிக்ஸ்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்கு சுளுக்கிக்கொண்டது போல முகத்தை வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். பரமக்குடியில் எங்கள் தெருவில் யார் விசாரித்தாலும், “மகளுக்கு நண்டு ஏத்திவிடுற வேலை” என்று சொல்லி முடித்துவிடுவார். இதற்கா எம்.பி.ஏ. படித்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வரும். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய சின்ன நண்டுக் கம்பெனி எங்களுடையது. ராமேஸ்வரம் தீவைச் சுற்றியுள்ள கரைகளில் நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்துவரும் நண்டை எங்கள் வேன் போய் எடுத்துவரும். கம்பெனியில் அவித்து, சதையை எடுத்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வேன், எத்தனை பெட்டி, எவ்வளவு ஐஸ் என்று தீர்மானிப்பது என் பொறுப்பு.

நண்டு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. இனிமேல் சரக்கு ஏற்றி இறக்குவதெல்லாம் சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் உகந்த முறையில் நடக்க வேண்டுமாம். ஆய்வாளர் ஒருவர் வந்து பார்ப்பாராம். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“சுற்றுச்சூழல் சரிம்மா. சமூகம்னா யாரு?”

“நாமதான் சார்.”

“அப்ப நமக்கு நாம உகந்ததாத்தான இருக்கோம்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சுற்றுச்சூழலில் எங்கள் பெரிய பாவம் தெர்மாகோல் பெட்டி. அதில் ஐஸ் போட்டு நண்டை அடுக்குவோம். ஒரு நாள் தாங்கும், மறுநாள் மூலை உடையும், அதற்கு அடுத்த நாள் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறக்கும். காற்றடிக்கும் நாளில் பார்த்தால் கடலோரத்தில் யாரோ மாவு மில் நடத்துவது போலிருக்கும். வலையிலும் அதுதான் சிக்கியது. நான் அதை ஒழித்துக்கட்டி, கனமான நீலப் பெட்டிகளைக் கொண்டுவந்தேன். மூடியுள்ள பெட்டி. வருடக்கணக்கில் உழைக்கும். ஒரே ஒரு நிபந்தனை, போன பெட்டி திரும்பி வர வேண்டும்.

இதை விளக்கக் கரை கரையாகக் கூட்டம் போட்டேன். கடைசிக் கூட்டம், தனுஷ்கோடி ரோட்டிலிருந்து மணலுக்குள் பிரியும் பாதையின் முடிவில் இருக்கும் கரையில். எங்கள் வேன் போகும் இடங்களிலேயே தூரமானது அதுதான். பதினைந்து இருபது குடும்பங்கள், எல்லாரும் கத்தோலிக்கர்கள். எல்லா வீட்டு நண்டையும் வாங்கி எடைபோட்டு, ஐஸ் வைத்து, வேனில் ஏற்றிவிடுவது ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். கணவன் கடலுக்குப் போக, கரை அவள் கையில். கூட்டத்துக்கு முந்தைய நாள்தான், புது மேடத்துக்கு என்று ஒரு தூக்குவாளி நிறைய நண்டுக் குழம்பை வேனில் கொடுத்துவிட்டிருந்தாள். நான் வழித்துத் தின்றேன்.

கூட்டத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த அந்தத் தூக்குவாளியை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தேன்.

“இதப் பாருங்க. நேத்து வந்துச்சு. இன்னைக்கே திரும்பி வந்துருச்சு. சுத்தமா, காலியா. பெட்டியும் இப்பிடித்தான் வரணும்.”

அவள் எழுந்து வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கை தட்டக் கூச்சப்படுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதம் நண்டு நன்றாகப் பட்டது. நீலப் பெட்டிகள் ஐஸோடு போய் நண்டோடு வந்தன. பிறகு வாடைக்காற்று தொடங்கியது. படகுகள் ஒரு நாள் போயின, மூன்று நாள் கரையில் கிடந்தன. மற்ற கரைகளிலிருந்து பெட்டிகள் தாமதமாகவாவது வந்தன. கடைசிக் கரையில் நண்டே படவில்லை; அங்கே போன பெட்டிகள் மட்டும் போனவை போனவைதான். பெட்டி இல்லாமல் வேறு வழியின்றித் தெர்மாகோலைத் திரும்ப வாங்கினோம். எங்கள் வேன்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் ராமநாதபுரம் போய் அதை ஏற்றிவந்தது. நான் ஒழித்துக்கட்டியதாக அறிக்கை எழுதிய அதே தெர்மாகோல்.

முதலாளி வழி கண்டுபிடித்தார். “அந்தக் கரைய வெட்டிரும்மா. பெட்டி போகாது. டீசலும் மிச்சம்.”

நான்தான் கணினி முன் உட்கார்ந்து அதைத் திட்டமாக்கினேன். கடைசிக் கரையை நீக்கினால் வேன் ஓடும் தூரம் குறைகிறது, புகை குறைகிறது. சுற்றுச்சூழல் பக்கத்தில் பச்சை நிறம் பூத்தது. சமூகம் பக்கத்தில் டிரைவருக்கு சீட் பெல்ட் உண்டு, குடிதண்ணீர் உண்டு என்று ஏற்கெனவே பச்சை அடித்திருந்தேன். ஆக எல்லாமே பச்சை. வேன் போகாவிட்டால் அந்தக் கரைக்கு ஐஸ் போகாது என்பது எனக்குத் தெரியும். ஐஸ் இல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்து ராமேஸ்வரம் கொண்டுபோவதற்குள் பாதி நண்டு செத்து நாறிவிடும் என்பதும் தெரியும். அத்தனை வீட்டுப் பிழைப்பும் அதில் போகும். தெரிந்தேதான் அந்தத் திட்டத்தை அச்செடுத்து, தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஆய்வாளர் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, பெட்டிகளை மீட்டுவரவும் இனி வேன் வராது என்று சொல்லிவிடவும் அந்தத் தாளோடு நானே புறப்பட்டேன். எங்கள் டிரைவர் கீழக்கரைக்காரர். வளைகுடாவில் பதினைந்து வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவ்வளவு நீள வண்டியை ஓட்டியவருக்கு எங்கள் வேனும் அதற்கு நான் போடும் திட்டங்களும் விளையாட்டுச் சாமான்.

“என்ன மேடம், பெட்டிய ஜப்தி பண்ணப் போறமா?” என்றார்.

“நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க பாய்.”

போய் இறங்கினால், அவள் வீட்டுப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் அத்தனை நீலப் பெட்டிகளும் இருந்தன. ஒன்று குறையவில்லை. கழுவி, கவிழ்த்து, மூடிகளைத் தனியாகக் காயவைத்து, மணல் படாமல் மேலே பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தாள். எங்கள் கம்பெனியில்கூட அவை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அது என் கோபத்தைக் கூட்டியது.

“இத்தனையும் இங்கனயே வச்சுக்கிட்டு, ஒண்ணுகூடக் குடுத்துவிடலேன்னா என்ன அர்த்தம்?”

“எப்பிடி மேடம் குடுத்துவிடுறது? நண்டு படலைல.”

“நண்டு இல்லேன்னா வெறும் பெட்டியக் குடுத்துவிட வேண்டியதுதான?”

“வெறும் பெட்டியவா?” என்றாள். அவள் குரலில் நிஜமான அதிர்ச்சி இருந்தது. “நீங்க ஐஸு நெறச்சுக் குடுத்துவிடுறீக. அத நாங்க வெறுசா திருப்பி விடவா? ஒரு வீட்டு ஏனம் வந்தா அப்பிடியா விடுவாக?”

ஏனம். எங்கள் பக்கத்தில் பாத்திரத்துக்கு அந்தச் சொல்தான். நான் பெட்டி என்று எண்ணி எண்ணி அனுப்பியதை அந்தக் கரை ஏனம் என்று வாங்கி வைத்திருக்கிறது.

“அப்ப ஏதாச்சும் போட்டு விட்டிருக்கலாம்ல?”

“சுத்தமா, காலியா வரணும்னு நீங்கதான சொன்னீக. எதையாச்சும் போட்டா நீங்க ஏசுவீக. போடாட்டி எங்களுக்கு மனசு கேக்காது. அதான் நண்டு படட்டும்னு வச்சிருக்கோம்.” சரிந்த சேலையை இழுத்துப் பெட்டிகளை மூடினாள். “அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி எந்தூக்குவாளிய வெறுசா நீட்டுனீகளே மேடம். ஒறவு வேணாம்கிறாகன்னுதான் மொதல்ல நெனச்சோம். பெறகு, பட்டணத்துக்காரக, அவுகளுக்குத் தெரியாதுன்னு விட்டுட்டோம்.”

“நான் பட்டணமில்லைங்க. பரமக்குடி.”

“அதத்தான் எங்க மாமியாவும் கேட்டாக. பரமக்குடியிலயுமா இப்பிடின்னு.”

பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை ஒரு பிடி சீனியாவது போடாமல் என் அம்மா திருப்பியதே கிடையாது. வீட்டில் சீனி இல்லாத நாளில் அந்தக் கிண்ணம் எங்கள் அலமாரியில் காத்திருக்கும். எத்தனை கிண்ணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பெயர் சொல்ல வராத ஒரு வேலைக்குப் படித்துவிட்டு, அந்த வழக்கத்தை எங்கேயோ கழற்றி வைத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட, கைப்பையில் கிடந்த அந்தத் தாளை நினைத்தபோது பயமாக இருந்தது.

கோபத்தை இறக்கிவைக்க ஆள் தேடி டிரைவரிடம் திரும்பினேன். “ஒங்களுக்கும் இது தெரியாதா பாய்?”

“தெரியாம என்ன மேடம், எங்க ஊர்லயும் இதான் வழக்கம். நீங்க அந்தக் கம்ப்யூட்டரையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தீக. நான் எதுக்கு ஊடால பேசன்னு இருந்துட்டேன்.”

அவளிடமே கேட்டேன். “இப்ப நான் என்னதான் செய்ய? பெட்டி வந்தாகணும். நண்டப் போடுற பெட்டியில கண்டதையும் போடவும் கூடாது.”

அவள் யோசித்தாள். தலைக்கு மேலே கை நீட்டிப் பூவரச இலை ஒன்றைப் பறித்தாள். கழுவி உதறி, ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“இது போதும் மேடம். வெறும் பெட்டின்னு ஆகாது. நண்டுக்கும் ஒண்ணும் செய்யாது.”

பெட்டிக்கு ஒரு இலை. வேன் நிறைந்துவிட்டது. நான் சொல்ல வந்த சேதியைச் சொல்லாமலே ஏறி உட்கார்ந்தேன். ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் கேட்டார்.

“அந்தப் பேப்பரக் குடுக்கலையா மேடம்?”

“எந்தப் பேப்பர்?”

“வரும்போது பையில இருந்து எடுத்து எடுத்துப் பாத்தீகளே, அது.”

“அதுல எழுத்துப் பிழை இருக்கு” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

முதலாளியிடம் போய், தப்பு கரையின் மேல் இல்லை, என் மேல்தான் என்று சொன்னேன். அவர் டீசலைக் கேட்டார். பெட்டி திரும்பினால் தெர்மாகோலுக்காக ராமநாதபுரத்துக்கு ஓடும் ஓட்டம் மிச்சமாகும், அது கடைசிக் கரைக்குப் போய்வருவதைவிட நெடுந்தூரம் என்று சொன்னேன். என் திட்டத்தில் நான் அந்த ஓட்டத்தைச் சேர்க்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில், அம்மா என் வேலைக்கு வைத்த பெயரே பெரிது என்று தோன்றியது. “ஆய்வாளர் வந்துட்டுப் போகட்டும், பாப்போம்” என்றார்.

ஆய்வாளர் வந்தார். மாசுமருவற்ற வெள்ளைச் சட்டை. முதலில் திறந்த பெட்டிக்குள்ளேயே பூவரச இலை. “வாட் இஸ் திஸ்?” என்றார். முதலாளிக்கு முகம் வெளுத்தது. கழுவிய பெட்டியில் மட்டும்தான் இலை வைப்பார்கள், இலை இருந்தால் பெட்டி கழுவியது என்று அர்த்தம், இங்கே இலையை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை கழுவுவோம் என்று விளக்கினேன். அத்தனையும் உண்மை. ஒரு வாரத்து உண்மை. அவர் குனிந்து இலையைப் போட்டோ எடுத்தார். இலை எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் போய், பூவரச மரத்தையும் எடுத்தார், பக்கத்தில் அவளையும் நிற்கவைத்து எடுத்தார். “மக்கும் அடையாள முறை, உள்ளூர்ச் சமூகத்தின் பங்களிப்புடன்” என்று அவருடைய அறிக்கையில் வந்தது.

போட்டோவில் வந்த கரையை வெட்ட முடியுமா? முதலாளி அந்த இலையைத் தன் யோசனை என்றே இப்போது சொல்லிவருகிறார். மற்ற கரைகளிலிருந்தும் இலையோடுதான் பெட்டிகள் வருகின்றன. வேன் கடைசிக் கரைக்குப் போகிறது, ஐஸ் போகிறது, காற்று விட்டால் நண்டு வருகிறது. என் தாளை நானே கிழித்தேன்.

சரியாகிவிட்டது என்று இருந்தேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, நண்டுப் பெட்டிகளோடு அந்தத் தூக்குவாளி வந்திறங்கியது. எனக்குத்தான். அத்தனை நாள் கழித்து மறுபடி நண்டுக் குழம்பு. முதல் வாயிலேயே கண் கலங்கியது. காரம் ஒரு காரணம்.

அன்று மாலையே தேய்த்து வைத்துவிட்டேன். ஆனால் என் ஒண்டிக்கட்டை வீட்டில் ஒரு வாளிக்குள் போட்டு அனுப்ப என்ன இருக்கிறது? ஒரு பாக்கெட் பிரெட், பாதி ஜாம். செவ்வாய்க்கிழமை கடைப் பலகாரம் வாங்கலாம் என்று போய், மனசு வராமல் திரும்பினேன். புதன்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து முறுக்கு சுடச் சொன்னேன். “யாருக்குடி?” என்றார். சொன்னேன். “மொத தடவ வெறுசாவா குடுத்த? எம்மானத்த வாங்கிட்டியே” என்று திட்டிவிட்டு, பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட இரண்டு நாளாகும் என்றார். தூக்குவாளி என் மேசை மேலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை டிரைவர் வந்தார். பயணத் தாளில் கையெழுத்து வாங்கியவர், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன மேடம், நாலு நாளா ஏனம் திரும்பலையே. ஒங்க ரூட்ட வெட்டிருவமா?”