காரணம் கேட்காத போன்

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருஷங்கள் அவை. சேரம்பாடி பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு எதிரே எங்கள் மளிகைக் கடை. கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் அங்கே வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானதும் பலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டோடு பேச எங்கள் கடை போன்தான் வழி. போன் வந்தால், "அஞ்சு நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கத்துவது என் வேலை.

முதல் லைனில் ஒரு அக்கா. மகன் பனியன் கம்பெனியில் இருந்தான். "நல்லா சத்தமாக் கூப்பிடு கண்ணு, கடைசி வீடு வரைக்கும் கேக்கட்டும்" என்பார். மூன்றாவது லைனில் இன்னொரு அக்கா, அதிகம் பேசாதவர். "எனக்கு போன் வந்தா மட்டும் கூப்பிடாதீங்க, சாயங்காலம் நானே வந்து கேட்டுக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போனில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரு மழை நாள் மத்தியானம் அவருக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம், அவசரம் என்றார்கள். சாயங்காலம்வரை எப்படிக் காத்திருப்பது? குடைகூட எடுக்காமல் ஓடினேன். தண்ணிக் குழாயடியில் ஏழெட்டுப் பேர் நிற்க, "அக்கா, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்!" என்று கத்தினேன்.

அவர் வந்தார். ரெண்டு வார்த்தை பேசினார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அதற்குள் குழாயடியில் யாருக்கு என்ன நோய் என்று ஆளுக்கொரு கதை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவேயில்லை. உதவி செய்யத்தானே ஓடினேன், எதற்கு இந்தக் கோபம் என்று நான் குழம்பிப்போனேன்.

சரி, இனி யாரையும் கத்திக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த முறை திருப்பூர் போன் வந்தபோது முதல் லைன் அக்கா வீட்டுக்கே போய்க் காதோடு சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்!

"ஏன் இழவு ஊட்டுல பேசற மாதிரி பேசற? ஆத்தா அப்பனை உட்டுட்டு ஓடிட்டான்னு எம் பையனைப் பேசறாங்க. வாராவாரம் அவன் கூப்பிடறான்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

கத்தினாலும் தப்பு, கத்தாவிட்டாலும் தப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் பஜாரிலிருந்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள் யாரோ தனியாக நடந்து போவது தெரிந்தது. மூன்றாவது லைன் அக்கா. யானை இறங்குகிற ரோடு அது. நாங்களெல்லாம் நாலு மணிக்கு மேல் நடக்கமாட்டோம். ஒரு போன் பேசுவதற்காக நாலு கிலோமீட்டர் பஜார் பூத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார் என்று ஜீப்காரர் சொன்னார். என்னால்தான் இந்த நடை என்று உறைத்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி அவரை ஏறச் சொன்னேன்; மறுத்துவிட்டார். நானும் இறங்கிக் கூடவே நடந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேனுங்க அக்கா. ஏன்னு கேக்கமாட்டேன். உங்களுக்கு எப்படிச் சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

 லைன் விளக்குகள் தெரிந்த இடத்தில் நின்றார். "போன் வந்தா, வெல்லம் வந்திருக்குன்னு சொல்லுங்க. போதும்."

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, வெல்லம் வாங்க வேறு ரெண்டு பேரும் பையோடு வந்து நின்றார்கள். அந்த அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்தது யார், என்ன ஆனது, எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. பல நாள் நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கியிருக்கிறேன். ஒருவர் எதற்காக ஒன்றை மறைக்கிறார், இன்னொருவர் எதற்காக ஊரறியச் சொல்கிறார் என்பது இப்போதும் எனக்கு முழுசாகப் புரிவதில்லை. ஆனால் புரிந்தால்தான் மதிப்பேன் என்று யாரிடமும் நான் அடம்பிடிப்பதில்லை.