தவமணி சொன்னதும் நான் எழுதியதும்

இல்லை, நீங்கள் கேட்டிருந்த உதவி ஒன்றும் இங்கே இல்லை.

பார்வையில்லாத மாணவிக்கென்று ஓர் அலுவலகமோ, ஆளோ, தொட்டுப் படிக்கும் புத்தகமோ எங்கள் கல்லூரியில் இல்லை.

ஒரு கயிறு உண்டு!

விடுதி வாசலிலிருந்து புகுமுக வகுப்புவரை மரத்துக்கு மரம் கட்டியது. வகுப்புப் பிள்ளைகளின் யோசனை. தவமணி அதைப் பிடித்துக்கொண்டு தனியாக வருவாள்.

மூன்றாம் நாள் அதில் விடுதிச் சமையற்காரர் சின்னத்தம்பி அண்ணையின் வேட்டி காய்ந்தது.

"அண்ணை, இண்டைக்கு ரோட்டில வெள்ளம்!" என்றாள் தவமணி, ஈரத்தில் கை பட்டதும்.

(அவர் அன்றே வேட்டியை வேலிக்கு மாற்றிவிட்டார்.)

கூடப் படித்த நம் நால்வருக்குள், ஆளுக்கொரு முறை எழுதித் தபாலில் சுற்றும் இந்தக் கொப்பியில், என் முறை வந்ததும் கயிற்றைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் இருந்தேன். அதற்குள் நேற்று வந்துவிட்டது.

தவமணிக்குப் பத்தொன்பது வயது. வீடு தர்மபுரத்தில். எஸ்.எஸ்.சி. எழுதும்போது கண் தெரிந்தது. பிறகு ஒரு காய்ச்சல்.

இப்போது ஐந்து தோழிகள் முறைவைத்து அவளுக்கு வாசிக்கிறார்கள். ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள்.

பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையை அவள் எழுத வேண்டுமானால், அவள் சொல்ல இன்னொருவர் எழுத வேண்டும். அந்த அனுமதியைக் கேட்கும் கடிதத்தில் அதிபர் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த வாரம்.

அதிபர் கெட்டவர் அல்லர். பயந்தவர்.

"சொல்லுறது பிள்ளை, எழுதுறது நீங்கள். ஆரின்ர விடையெண்டு நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது, ரீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

நேற்று ஒரு சோதனை வைத்தார். நான் கற்பிக்கும் புவியியலில் ஒரு கேள்வி. அவள் சொல்வாள், நான் எழுதுவேன். பிறகு அவர் வாசித்து அவளிடம் விசாரிப்பார். பொருந்தினால் கையொப்பம்.

கேள்வி: நீர்ப்பாசனக் குடியேற்றங்களின் பிரச்சினைகள்.

தவமணி சொன்னாள்:

"தண்ணி முதல்ல மேல்காணிக்காரருக்குப் போகுது. எங்கட காணி கடைசி. வாய்க்கால் எங்கட வரம்படிக்கு வரேக்கை சத்தம் மெலிஞ்சிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இந்தமுறை நெல்லோ குரக்கனோ எண்டு எங்கட ஐயா முடிவெடுப்பார்."

நான் எழுதினேன்:

'நீர்ப்பங்கீட்டில் சமமின்மை காணப்படுகின்றது. இதனால் கடைநிலைக் காணிகளில் விளைச்சல் குறைகின்றது.'

நல்ல வசனம். என்னுடைய வசனம்.

உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கை தானாகவே போயிற்று. (நான்கு வருடப் பல்கலைக்கழகம் கைக்குள்ளேயே இருக்கிறது போலும்.)

எழுதி முடித்ததும் கேட்டாள்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ, ரீச்சர்."

வாசித்தேன்.



"சத்தம் எங்க, ரீச்சர்?"

"பரீட்சையில அப்பிடி எழுதிறேல்லை, தவமணி."

"பிழையோ?"

"பிழை இல்லை."

"அப்ப ஏன் எடுத்தனீங்கள்? நீங்கள் பாஸ் பண்ணியாச்சுத்தானே!"

அதற்குள் அதிபர் உள்ளே வந்துவிட்டார். தாளை எடுத்தார். வாசித்தார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பேனையையும் எடுத்தார்.

"வடிவான விடை. எங்க பிள்ளை, காணியைப் பற்றி என்ன சொன்னனீர்?"

என் வசனங்கள் அவளுடைய காதில் இன்னும் சூடாக இருந்தன. ஒரு சொல் தவறாமல் ஒப்பித்திருப்பாள். கையொப்பம் விழுந்திருக்கும். நானும் தப்பியிருப்பேன்.

உண்மையைச் சொல்லவா? அப்படி ஒப்பித்துவிட வேண்டும் என்று நான் விரும்பினேன்.

"அது ரீச்சர் சொன்னது, சேர். நான் சொன்னது வேறை."

வாய்க்காலைப் பற்றி மறுபடியும் முழுதாகச் சொன்னாள்.

அதிபர் பேனையை மூடிப் பைக்குள் வைத்தார்.

"இதுக்குத்தான் நான் பயந்தனான்," என்றார் என்னைப் பார்த்து.

"பிழை என்னுடையது, சேர். அவவின்ர இல்லை. இன்னொருக்கா வையுங்கோ."

"ஆர் எழுதுறது? எல்லா ரீச்சர்மாரும் இப்பிடித்தான் திருத்துவினம்."

"இந்தப் பாடம் தெரியாத ஆளாப் பாருங்கோ, சேர்," என்றாள் தவமணி. "சின்னத்தம்பி அண்ணை எழுதுவார். எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சவர்."

அதிபர் சிரித்துவிட்டார். மறுக்கவில்லை.

இன்று பின்னேரம் மூன்று மணி. அதே கேள்வி. சின்னத்தம்பி அண்ணை கையைக் கழுவி, விபூதி பூசி, சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். (அவர் சட்டை போட்டு நான் கண்டது இன்றுதான்!)

"பிள்ளை, மெல்ல மெல்லச் சொல்லு. நான் உன்ர ரீச்சர் மாதிரி ஓடமாட்டன்."

எனக்கு அந்த அறையில் வேலை இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்ய ஆளும் இல்லை. குசினிக்குப் போய் அவருடைய வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதிபரின் குரல் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் போய் நின்றேன். தாளைத் தூரப் பிடித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழைகள் இருந்தன. நான்காவது வரியில் வாய்க்கால் இருந்தது. அதன் சத்தமும் இருந்தது. தவமணி சொன்ன இடத்திலேயே மெலிந்தது.

"இதில நீர் ஏதும் சேர்த்தனீரோ, சின்னத்தம்பி?"

"உப்புக்கூடப் போடேல்லை, சேர்."

அதிபர் பேனையைத் திறந்தார்.

கடிதம் நாளைக் காலைத் தபாலில் போகிறது. அனுமதி வருமா என்று எங்களுக்குத் தெரியாது. எழுதப்போவது யார் என்று தெரியும்.

நான் குசினிக்குத் திரும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.