சல்லிக் கரையில் அத்தானின் கூடாரம்

சல்லிக் கடற்கரையில் அத்தான் கூடாரம் அடிக்கிறார். பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டவென்று கொழும்பிலிருந்து வந்திருக்கிறார். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் என் இரண்டு பேரும் பாயில் அடக்கமாக இருக்கிறார்கள். மணலில் கால் வைத்தால் கிருமியாம். இரவுச் சாப்பாட்டுக்குத் தகர ரின்னில் அடைத்த மீன். மீன்பிடிக் கிராமத்துக்கு ரின் மீன் கொண்டுவந்த மனிதர்! அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கரைவலை இழுப்பவர்கள் கயிற்றோடு பின்பக்கமாக நடந்து கூடாரத்தடிக்கே வந்துவிடுகிறார்கள்.

"தம்பி, கூடாரத்தைக் கொஞ்சம் அங்கால அரக்குங்கோ. வலை வருது" என்கிறார் ஒருவர்.

"ஏலாது. நாங்கள்தான் முதல் வந்தனாங்கள்" என்கிறார் அத்தான்.

"ஓம், அதை மீனிட்டயும் சொல்லிப் பாருங்கோ."

இழுப்பவர்கள் சிரிக்கிறார்கள். கேட்டவர் பிள்ளைகள் பக்கம் திரும்புகிறார்.

"ஏன் சிலை மாதிரி இருக்கிறியள்? கயித்தில கை வைச்சால் உங்களுக்கும் மீன் பங்கு."

"ஒருத்தரும் எழும்பக் கூடாது" என்கிறார் அத்தான்.

நான்கு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடிக்கிறேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். பின்பக்கமாக நடந்து இழுத்ததில் கூடாரம் எங்கள் முதுகில் முட்டிச் சரிகிறது. ஒருவரும் நிற்கவில்லை. ரின்கள் மணலில் உருளுகின்றன.

வலை கரையேறியதும் ஆளுக்கொரு கை சாளை மீன் தருகிறார்கள்.

"பெரியப்பாவுக்கு?" என்று என் சின்னவன் கேட்கிறான்.

பங்கு தருவதாகச் சொன்னவர் ரின்களைப் பொறுக்கும் அத்தானைப் பார்க்கிறார்.

"அவற்ற மீன் முதலே கரைக்கு வந்திட்டுது, ராசா."