என் பேர் ஏறாத கேஸ்

அந்த வண்டியில் சத்தமே வராது. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அப்பா அதைத்தான் பெருமையாகச் சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில் பாட்டரியில் ஓடுகிற ஸ்கூட்டர் எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் இருந்ததாக எனக்குத் தெரியாது. சோடாக்கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது பறந்துவிடும் என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வளவு வேகம் அதற்குக் கிடையாது. நன்றாக மிதிக்கிற ஆள் சைக்கிளிலேயே அதை முந்திவிடலாம்.

அப்பா கணக்கு வாத்தியார், அரசு உதவி பெறும் பள்ளியில். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவர். சைக்கிளில் டபுள்ஸ் போன மாணவனை ரோட்டில் பார்த்தால் மறுநாள் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் அந்த வண்டியை வாங்கும்போது லைசென்ஸைப் பற்றிக் கேட்காமல் இருப்பாரா? கேட்டார். விற்ற கடைக்காரர் சிரித்தார்.

"சைக்கிளுக்கு லைசென்ஸ் உண்டா சார்? இது கரண்டுல போற சைக்கிள். அம்புட்டுத்தேன்."

அப்பாவுக்கு அது போதவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிந்த கிளார்க்கிடம் போய்க் கேட்டார். வண்டி எத்தனை சிசி என்றாராம் அவர். பெட்ரோலே ஊற்றாத வண்டிக்கு சிசி ஏது? அப்படியானால் அது எங்கள் பட்டியலிலேயே வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பட்டியலில் இல்லாத வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அப்பா முடிவு கட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் தனக்கு வசதியாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. கோவிலூர் ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டுக்கு டியூஷன் போய்க்கொண்டிருந்தேன். "பிரேக்க மட்டும் கெட்டியாப் பிடி" என்று சொல்லி அப்பாவே சாவியை என் கையில் கொடுத்தார். அதைத் தவிர வேறெதுவும் சொல்லித் தரவில்லை.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் வண்டி ஓட்ட முறையாக லைசென்ஸ் எடுத்திருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து கல்லூரி மைதானத்தைச் சுற்றி ஓடுவான். வந்ததும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, டேப்பை என் கையில் கொடுத்து மார்பை அளக்கச் சொல்வான். ஒரு சென்டிமீட்டர் கூடினால் அன்று முழுக்க வீட்டில் சிரிப்புத்தான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். தலையில் பெரிய புல்லுக்கட்டுடன் ஒரு பெண் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வருவது அவருக்குத் தெரிய வழியில்லை. கட்டு இருபக்கமும் தொங்கி முகத்தை மறைத்திருந்தது. லாரி வந்தால் சத்தம் கேட்டு ஒதுங்கியிருப்பார். என் வண்டிக்குச் சத்தம் கிடையாதே. ஹாரன் இருந்தது. நான் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. விலகிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதே நேரம் அவரும் அதே பக்கம் விலகினார்.

அவர் விழுந்தபோதும் பெரிய சத்தம் வரவில்லை. புல் என் மேலெல்லாம் கொட்டியது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. என்னைப் பார்த்தார். யூனிபார்மையும் இரட்டைச் சடையையும் நன்றாகவே பார்த்தார்.

யாரோ போய்ச் சொல்லி அண்ணன் சைக்கிளில் விரைந்து வந்தான். "நீ வீட்டுக்குப் போ. அங்குட்டு சந்து வழியாப் போ, ரோட்டுப் பக்கம் வராத" என்றான். நான் போனேன். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன்.

அப்பாவும் அண்ணனும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டியை ஓட்டியது அண்ணன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். நான் அழுதேன். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"பொம்பளப் புள்ள பேரு ஸ்டேஷன்ல ஏறக் கூடாதும்மா. நாளைக்கு உன்னய எவன் கேட்டு வருவான்? அவன் ஆம்பள. ஒரு அபராதத்தோட முடிஞ்சிரும்."

அப்படி நினைப்பதை ஊரில் தப்பென்று சொல்ல ஆளே இல்லை. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண் மாவுக்கட்டோடு கிடந்தார். அப்பா தயங்கித் தயங்கிப் பேச்சை எடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"வாத்தியாரய்யா, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீக. பொம்பளப் புள்ள பேர நான் எதுக்கு இழுக்கப் போறேன்? எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளக இருக்கு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சுற்றிலும் கட்டில்கள், ஆட்கள். நான் மன்னிப்புக் கேட்டால் ஓட்டியது நான் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் அதன்பிறகு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். தெருவில் எதிரே வந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவர் திட்டியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

கோர்ட்டில் அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதமும், கோர்ட் கலைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனையும் கிடைத்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பெஞ்சில் மூட்டைப்பூச்சி என்று சொல்லிச் சிரித்தான். மறுநாள் காலையில் வழக்கம்போல் ஓடப் போனான்.

அன்றிலிருந்து வீட்டில் நான் கடன்பட்டவள் ஆனேன். பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்குக் கேட்டால், "உனக்காக ஒருத்தன் கோர்ட்டுப் படி ஏறியிருக்கான், ஞாபகம் இருக்கட்டும்." மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன் என்றால், அதே வாக்கியம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பத் தாமதமானால்கூட அதேதான். அப்பாதான் சொல்வார், சில நேரம் அம்மாவும். அண்ணன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அண்ணன் பட்டம் வாங்கிச் சில வருஷம் கழித்துத்தான் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள்; தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வில் தேறினான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். கயிறு ஏறினான். நேர்முகத் தேர்வும் நல்லபடியாக முடிந்தது. அம்மா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். பிறகு போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்து போனார். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதால் தேர்வு செய்ய இயலவில்லை. ஒரே வரி. அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் அவன் ஓடப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க, அண்ணனை வலுக்கட்டாயமாக ஒரு வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓட்டியது நான்தான் என்று முதல்முறையாக வெளியாள் ஒருவரிடம் சொன்னேன். வக்கீல் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதிமூணு வயசுன்னு சொல்றீங்க. அப்ப அது இளஞ்சிறார் வழக்கு. கண்டிச்சு அப்பா கையில ஒப்படைச்சிருப்பாங்கம்மா. பிற்பாடு உங்க வேலைக்கோ எதுக்கோ அது குறுக்க வந்திருக்காது. இப்ப ஒத்துக்கிட்ட கேஸை என்ன பண்றது? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் ஒருவருக்குக்கூடச் சட்டம் தெரியாமல் போயிற்றே என்று பொருமிக்கொண்டே வந்தேன். அண்ணன் நின்று என் பக்கம் திரும்பினான்.

"தெரியாமலா? ஸ்டேஷன்ல கேசு எழுதுற ரைட்டர் அன்னைக்கே சொன்னாரு" என்றான்.

"என்னண்ணே சொன்னாரு?"

"இதேதேன். சின்னப் புள்ளையக் கண்டிச்சு விட்ருவாகன்னு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாகிட்டதேன் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது சார், வண்டிய அது கையில குடுத்த உங்க மேலதேன் கேசு வரும், வாத்தியார் வேலை, பாத்துக்கங்கன்னாரு."

"அப்பொறம்?"

"அப்பா ரைட்டரோட பேனாவப் பாத்தாக. பெறகு எம் மூஞ்சியப் பாத்தாக."

அப்பாவிடம் இதைக் கேட்கக் கூடாது என்று மட்டும் பஸ்ஸில் ஏறும்போது சொன்னான். அந்த மனிதர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறார், நடக்கட்டும் என்றான்.

வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாருப்பா" என்றான் அண்ணன்.

அப்பா பெருமூச்சு விட்டார். சிவப்பு மைப் பேனாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உம் பேரக் காப்பாத்தப் போயி அவன் வாழ்க்கை போச்சே தாயி."

நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மூடியதைப் போலவே மூடிக்கொண்டேன்.