நவ்வாரின் ரத்தம்

எங்கள் ஊரில் நவ்வாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். விமானச் சத்தம் கேட்டால் லாரியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடுவான். என் தங்கை ருதைனாவைக் கட்டியவன் என்பதால் அவனைக் கேலி செய்ய எனக்கு உரிமை கொஞ்சம் கூடுதல்.

அன்று சந்தைத் தெருவில் விழுந்த குண்டு பெரிதாக வெடிக்கவில்லை. ஆனால் ஜனங்கள் நுரை தள்ளி விழுந்தார்கள். நாங்கள் ஓடினோம். அவன் மட்டும் லாரியைத் திருப்பிக்கொண்டு போய், விழுந்தவர்களின் துணியைக் கழற்றித் தண்ணீரைப் பீய்ச்சினான். கண் மங்கி, வாந்தி எடுத்துக்கொண்டே வீடு வந்தான்.

"அப்படி எதுவுமே நடக்கவில்லை, எல்லாம் நாடகம்" என்றது வானொலி. செத்தவர்களைப் புதைத்த கை காயவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. நவ்வார் குண்டு விழுந்த குழியின் மண்ணை ஆலிவ் ஜாடியில் அள்ளி மூடினான்.

ரசாயன ஆயுதங்களை விசாரிக்கும் விஞ்ஞானிகள் எல்லைக்கு அப்பால், துருக்கியில் இருந்தார்கள். ஜாடியை இருக்கைக்கு அடியில் வைத்து இருவரும் கிளம்பினோம். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். ஜாடியைக் கண்டுபிடித்தால் சுடுவார்கள். உடைந்தால் சுடவே வேண்டாம்.

விசாரித்தவர் துனிசியாக்காரப் பெண்மணி, எங்கள் பாஷையே பேசினார். ஜாடியைத் தொடவே இல்லை.

"எங்க கண்ணு முன்னாடி எடுக்காத மண்ண சாட்சியா எழுத முடியாதுங்க. நீங்களே கலந்துட்டீங்கன்னு சொல்லிடுவாங்க."

"அப்ப நான் இத ஊறுகாய் போடவா தூக்கிட்டு வந்தேன், டாக்டரம்மா?" என்றான் நவ்வார்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"விழுந்தவங்கள கழுவிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப உங்க ரத்தம் குடுங்க. விஷம் உள்ள போயிருந்தா சில வாரம் தடயம் இருக்கும். நாங்களே எடுத்து நாங்களே சீல் வைக்கிறோம். யாரும் மறுக்க முடியாது."

நவ்வாரின் முகம் வெளுத்தது. அதுவரை சாட்சி ஜாடிக்குள் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டான்.

முடிவு வரும்வரை ருதைனா தூங்கவில்லை. ஒரு நாள் தொழுகை விரிப்பிலிருந்தே, மகன் பெயரைச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டுக் கத்தினாள்: "அபூ தய்சீர், உன் ரத்தத்துல விஷம் இல்லன்னு வரணும்னு துவா கேக்கவா, இருக்குன்னு வரணும்னு கேக்கவா?"

"இருக்குன்னு கேளு. இல்லன்னா அவங்க சும்மாவா செத்தாங்க?"

அவள் கையை ஏந்தினாள். வாய் அசையவே இல்லை.